பதிவுக்கு வெளியே பதினோரு நொடி

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில்தான் விசாரணை.
வளையத்துக்கு நேர் கீழே நீதிபதியின் மேசை,
மூன்று புள்ளிக் கோட்டின்மேல் என் சுருக்கெழுத்துப் பெட்டி.
வெளியே மினசோட்டாவின் பிப்ரவரி, மைனஸ் முப்பத்தொன்று.
உதறிய பூட்ஸ்களின் பனி உருகி
நடுவட்டம் வரைக்கும் ஓடியிருந்தது.

கம்பெனி கேட்பது பதினான்கு சதவீதம்.
அதற்குச் சாட்சி ஒரு வருடம்.
சோதனை ஆண்டு என்று பெயர்.
இன்னும் வராத வருடம், வரப்போவதுமில்லை.
அதில் அடிக்கும் குளிர் இருபது குளிர்காலங்களின் சராசரி.
புயல் உண்டு, ஒதுக்கிய தொகைக்குள் வீசி ஓயும்.
சுரங்கம் எதுவும் மூடாது.
டென்வரிலிருந்து வந்த நிபுணர்
அங்கே வாடகைக்கு இருந்துவிட்டு வந்தவர்போலப் பேசினார்.

முதலீட்டாளருக்கு ஒன்பது புள்ளி எட்டு வேண்டும் என்றார்.
எட்டு புள்ளி ஒன்பது போதும் என்றது நுகர்வோர் தரப்பு.
அதே இரண்டு இலக்கம், நாற்காலி மாறி உட்கார்ந்தவை.
நடுவிலிருந்த அந்தச் சந்துக்கு
இரண்டு நாளில் நானூறு பக்கம் தட்டினேன்.
என் விரல்களுக்கு எது நியாயம் என்று தெரியாது.
யார் எச்சில் விழுங்கினார்கள் என்று தெரியும்,
அதற்கு விசை இல்லை.

மூன்றாம் நாள் பொதுமக்கள்.
ஓர்வோ நிஸ்கலா, பால்பண்ணை, ஓய்வு.
வலது கை சத்தியத்துக்கு, இடது கையில் காதுமூடித் தொப்பி.

மாடுகளை விற்று நாலு வருஷம் ஆச்சு.
கொட்டகைக்குத் தனி மீட்டர்.
உள்ளே ஒரு பல்புகூட இல்லை.
மாசம் ஒன்பது டாலர் கட்டுறேன்.
இப்போ பதினாலுன்னு போட்டிருக்கீங்க.
இருட்டுக்கு எதுக்கு வாடகை?

கம்பெனி வக்கீல் காகிதத்தைத் திருப்பினார்.
திருப்பிய பக்கத்தை மறுபடி திருப்பினார்.
*பதில் இல்லை* என்று தட்டினேன்.

அப்போது மின்சாரம் போனது.

என் பெட்டிக்கு பேட்டரி உண்டு, நான் நிறுத்தவில்லை.
நீதிபதி கார்லிஸ்தான் இருட்டுக்குள்ளிருந்து,
பதிவுக்கு வெளியே, என்றார்.
விரல்களைத் தூக்கிக்கொண்டேன்.

பின்வரிசையில், பெயர்த்தாளில் எழுதாத ஒரு குரல்:
இந்தத் தெருக் கம்பம் அறுபத்தொண்ணுல நட்டது.
நான் அப்போ பிறக்கல.
போன மாசம் ஐஸ் மழையில ஏறினேன்.
யாரு யாரைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம்னு
இப்பவும் எனக்குத் தெரியாது.

ஒரு சிரிப்பு கிளம்பி அரங்கைச் சுற்றியது.
ஓர்வோவின் சிரிப்புதான் பெரிது, இருமலோடு முடிந்தது.

விளக்கு வந்தது. எல்லோர் முகமும் பழையபடி.
ஆரஞ்சு மேலங்கிக்காரன் ஒருவன் குனிந்து
லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.
பதிவு தொடர்கிறது, என்றார் நீதிபதி.
தொடர்ந்தேன்.

ஜூலையில் ஆணை வந்தது, அறுபத்தெட்டுப் பக்கம்.
ஒன்பதே கால் சதவீதம்.
நிலைக்கட்டணம் பதினொன்றரை டாலர்.
*நியாயமானது, ஏற்கத்தக்கது.*
கொட்டகைக்கு ஒரு வரி:
பொதுமக்கள் கருத்துகளும் கவனத்தில் கொள்ளப்பட்டன.
கம்பத்துக்கு இணைப்பில் ஒரு கட்டம்,
தேய்மான அட்டவணை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று.
மதிப்பு, பூஜ்யம். மிச்ச ஆயுள், பூஜ்யம்.
அதே கம்பியிலிருந்துதான் என் சமையலறை விளக்கு,
அதன் வெளிச்சத்தில்தான் அதைப் படித்தேன்.

ஆகஸ்டில் என் பில், மூன்று டாலர் நாற்பது கூடுதல்.
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.
வேறொருவருக்குப் போகவேண்டிய கடிதம்போல இருந்தது.

நேற்று நிஸ்கலாவின் பாதை வழியே காரில் போனேன்.
கொட்டகைக் கூரை ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது.
மீட்டரை அவர் இன்னும் கழற்றவில்லை.
ஏன் என்று கேட்க நிறுத்தினேன்,
இறங்காமல் வந்துவிட்டேன்.
என்னிடம் சொன்னால்
எழுதிவிடுவேன் என்று நினைப்பார்.